‘அது எங்கள் சபை இல்லை’ என்று ஏன் சொல்கிறார்கள்?

காணிக்கைக் கணக்கைப் பற்றி யாராவது குறை சொன்னால், சென்னைக் கிறிஸ்தவர்கள் பலர் முதலில் சொல்வது ‘அது எங்கள் சபை இல்லை’ என்பதுதான். நழுவலா இது? பெரும்பாலும் இல்லை.

‘சபை’ என்றால் ஞாயிறன்று கூடும் மக்கள். ஒரு நிர்வாக அமைப்பு. உலகக் கிறிஸ்தவர் அனைவரும் கூட. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. சாந்தோம் பேராலயம் கத்தோலிக்கருடையது. அதை நிர்வகிப்பது சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம், அதாவது பேராயரின் கீழுள்ள கத்தோலிக்க நிர்வாகப் பகுதி. அதற்கு மேல் வத்திக்கான். கதீட்ரல் சாலையின் புனித ஜார்ஜ் பேராலயமோ தென்னிந்தியத் திருச்சபையுடையது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய சபைகள் இணைந்து 1947 செப்டம்பர் 27 அன்று அங்கேதான் அதை உருவாக்கின. அந்தத் திருச்சபையில் பேராயர் தெரிவில் வாக்கெடுப்பு உண்டு. ஆகவே அணிகளும் வழக்குகளும் உண்டு! மாடியில் நடக்கும் தனிச் சபைக்குப் பல நேரம் பாஸ்டரே எல்லாம். முறையிட மேலிடம் கிடையாது.

உணவகம் போலத்தான். கிளைகள் உள்ள ஓட்டலில் சாம்பார் ஊசிப்போனால் தலைமை அலுவலகத்தைக் கேட்கலாம். தெருமுனை மெஸ்ஸில் முதலாளியைத்தான் கேட்க வேண்டும். பக்கத்து மெஸ்காரர் பதில் சொல்ல மாட்டார்.

குறை சொல்பவர் எல்லாரும் மதத்தின் எதிரிகள் என்று நினைப்பது தவறு. திருச்சபைச் சொத்து வழக்குகள் பலவற்றைத் தொடுத்தவர்கள் காணிக்கை போடும் உறுப்பினர்களே.