முதல் சுற்றில் முந்தியவர் கட்சி வேட்பாளர் ஆகாமல் போவது எப்படி?

2018-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் தேர்தலுக்கான குடியரசுக் கட்சியின் உட்போட்டியில், ஏறத்தாழ 39 விழுக்காடு பெற்று முதலிடம் பிடித்த கேசி கேகல் ஏன் வேட்பாளராகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் ஒரு கட்சியின் ஆளுநர் வேட்பாளரைப் பெரும்பாலும் வாக்காளர்களே முதனிலைத் தேர்தலில் தெரிவு செய்கிறார்கள். பல மாநிலங்களில் அதிக வாக்கு பெற்றாலே போதும் என்றாலும், ஜார்ஜியாவில் பாதிக்கு மேல் பெற்றாக வேண்டும், இல்லையேல் முதலிருவர் மறுசுற்றில் மீண்டும் மோத வேண்டும்.

ஐவர் களமிறங்கிய மே 22 வாக்குப்பதிவில் பிரையன் கெம்ப் சுமார் 26 விழுக்காட்டுடன் இரண்டாமிடமே பெற்றார். ஆனால் இடைப்பட்ட இரண்டு மாதங்களில், தமக்கே தவறெனப் பட்ட மசோதாவை, போட்டியாளர் ஒருவருக்குத் தேர்தல் நிதி போய்ச் சேராமல் தடுப்பதற்காக ஆதரித்ததாகக் கேகல் ஒப்புக்கொண்ட ரகசிய ஒலிப்பதிவு வெளியானது. மறுசுற்று வாக்குப்பதிவுக்குச் சில நாட்கள் முன்னர் அதிபர் டிரம்ப் கெம்பை ஆதரித்தார். ஜூலை 24 அன்று நடந்த அந்த மறுசுற்றில் கெம்ப் ஏறத்தாழ 69 விழுக்காடு பெற்று வேட்பாளரானார். டிரம்பின் ஆதரவே எல்லாவற்றையும் முடிவு செய்தது என்பதை நான் ஏற்கவில்லை. முதல் சுற்றிலேயே வாக்காளர்களில் பத்துக்கு ஆறு பேர் கேகலைத் தவிர்த்திருந்தார்கள் என்பதை மறக்கலாகாது. சனநாயகக் கட்சியிலோ ஸ்டேசி ஏப்ரம்ஸ் முதல் சுற்றிலேயே பெரும்பான்மை பெற்றுவிட்டதால் மறுசுற்றுக்குத் தேவை எழவில்லை.