ஓபன் வேர்ல்ட் கேம்களில் (பெரிய உலகத்தில் இஷ்டப்படி சுற்றித்திரியும் கேம்கள்) மினிமெப் (திரை மூலையில் நிற்கும் சின்ன மெப்), குறிகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு விளையாடுவது உண்மையிலேயே நன்றாக இருக்குமா, இல்லை வெறும் பந்தாவா?

வெறும் பந்தா இல்லை. ஆனால் எல்லாக் கேமுக்கும் சரிவராது.

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும் பதில் எழுதாமல் விட முடியவில்லை. நண்பர் சொன்னார் என்று விட்சர் 3 என்ற கேமில் மினிமெப், இலக்குக் குறி, ஹெல்த் பார் (உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பட்டை) எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைத்திருக்கிறீர்கள். ஒரே காட்டுக்குள் சுற்றிச் சுற்றி அலுத்துப்போய் மூடிவைத்துவிட்டீர்கள். "இது யூடியூப்பில் காட்டத்தான் லாயக்கு, எனக்கு ஒத்துவராது" என்று முடிவும் கட்டிவிட்டீர்கள். அனேகமாக நீங்களும் என்னைப்போல வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, வீடு அடங்கிய பிறகு கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் விளையாடுகிறவராக இருப்பீர்கள். அந்த நேரமும் வீணாய்ப் போனால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

கோளாறு உங்களிடம் இல்லை. தொடங்குவதற்கு எடுத்த கேம்தான் அதற்குத் தோதுப்படாதது.

விட்சர் 3 எனக்கு மிகவும் பிடித்த கேம். அதன் ரசிகர்கள் சண்டைக்கு வரவேண்டாம். ஆனால் 2015-இல் வந்த அந்தக் கேமில் நமக்குத் தரும் பல வேலைகள் (குவெஸ்ட்), மெப்பில் மஞ்சள் வட்டம் விழும் என்ற நம்பிக்கையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஊர்க்காரர் ஒருவர் தன் கஷ்டத்தையெல்லாம் சொல்லி அழுவார். ஆனால் எந்தப் பக்கம் போகவேண்டும், எதை அடையாளம் பார்க்கவேண்டும் என்பதை வாயால் சொல்வது குறைவு. அதைச் சொல்வது அந்த வட்டம். வட்டத்தை எடுத்துவிட்டால் உங்களுக்கு வழி சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

முன்பு இப்படி இருக்கவில்லை. 2002-இல் வந்த மொரோவிண்ட் என்ற கேமில் ஒருவர் வேலை தந்தால் வழியையும் சேர்த்தே சொல்லுவார். ஊரைவிட்டு எந்தத் திசையில் வெளிக்கிடுவது, எந்தப் பாலத்தைத் தாண்டுவது, எங்கே பிரிவது என்பதெல்லாம் குறிப்பேட்டில் எழுத்தாகக் கிடக்கும். வாசித்துவிட்டுத்தான் போகவேண்டும். அதே தொடரில் 2006-இல் ஒப்லிவியன் வந்தபோது திசைகாட்டியில் இலக்கைக் காட்டும் குறி வந்துவிட்டது. அந்தக் குறி வந்த பிறகு, பாத்திரங்கள் வழி சொல்லவேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. இன்றைக்கு நாம் "மினிமெப்பை அணைப்பதா வேண்டாமா" என்று கேட்டுக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், என் பிழைப்பே வழி கேட்டுப் போவதுதான். நான் மட்டக்களப்பு. வீடு கல்லடியில், வேலை வாவிக்கு அப்பால் படுவான்கரையில். கள உத்தியோகம். வலையிறவுப் பாலத்தைத் தாண்டினால் வவுணதீவு, ஆயித்தியமலை, உன்னிச்சை என்று மோட்டார் சைக்கிளில் ஓட்டம்தான். வயல்வெளிக்குள் இருக்கிற வீடுகளுக்கு இலக்கம் இருந்தாலும் இலக்கத்தை வைத்து ஒருவரும் வழி சொல்வதில்லை. போன் மெப்பை நம்பினால், மாரியில் தண்ணீருக்குள் கிடக்கிற பாதையையும் றோட்டு என்றே காட்டும். சில இடங்களில் சிக்னலும் இல்லை. ஆகவே கேட்டுத்தான் போகவேண்டும்.

"இதால நேர போங்க தம்பி, வாய்க்கால் கட்டு வரும். கட்டில ஏறாம வம்மி மரத்தோட சோத்துக்கைப் பக்கம் திரும்பினா பிள்ளையார் கோயில். அங்க ஆரிட்டக் கேட்டாலும் காட்டுவாங்க. பின்னேரம் அஞ்சு மணிக்குப் பிறகு அதால வராதீங்க, ஆனை நிக்கும்."

இப்படி ஒருவர் சொல்லிவிட்டால் நான் போனைப் பார்க்கமாட்டேன். வம்மி மரத்தைத்தான் பார்த்துக்கொண்டு போவேன். மரத்தைப் பார்த்துக்கொண்டு போகிறவனுக்கு வழியிலே யானை போட்ட புது எச்சமும் கண்ணில் படும். போனைப் பார்த்துக்கொண்டு போகிறவனுக்குப் படாது. கேமிலும் இதே கதைதான்.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் வந்தது, கணினிக்கு 2019-இல். அதில் இடதுபக்க மூலை மெப்பை வழக்கமானபடி வைக்கலாம், பெரிதாக்கலாம், வெறும் திசைகாட்டி ஆக்கலாம், அடியோடு அணைக்கவும் செய்யலாம். அக்காவின் மகன் பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்து நின்ற நேரம், பெரும்பாலும் அவன்தான் விளையாடுவான், நான் பக்கத்தில் இருப்பேன். வலன்டைன் என்ற ஊரிலிருந்து ரோட்ஸ் என்ற ஊருக்கு ஓர் இழுவைக்குக் குதிரையில் போய்ச் சேர்ந்தான். மெப்பில் விழுந்த சிவப்புக் கோட்டை விட்டு அவன் கண் அசையவே இல்லை.

"வழியில என்ன பாத்தீங்க மருமகன்?" என்று கேட்டேன்.

"பாக்க என்ன இருக்கு மாமா, குதிரை ஓடிச்சு" என்றான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. எத்தனையோ பேர் வருடக்கணக்காக உட்கார்ந்து செய்த ஆறு, மலை, புல்வெளி அது. அதில் ஒன்றுகூடப் பிள்ளையின் கண்ணில் படவில்லை. மறுநாள் இரவு மறுபடி வலன்டைனில் கொண்டுபோய் நிறுத்தி மெப்பை அணைத்துவிட்டுக் கையில் கொடுத்தேன்.

"மாமா, மெப்பக் காணல்லியே!"

"ஓம், நிப்பாட்டியாச்சு. ஆத்தைப் பிடிச்சுத் தெக்கால போங்க. ஏரி வரும். பிறகு ரயில் தண்டவாளம்."

அவ்வளவுதான் சொன்னேன். முதலில் முணுமுணுத்தான். பிறகு குதிரையை மெதுவாக விடத் தொடங்கினான். சந்தி வந்தால் நின்று, லாந்தரை எடுத்துப் பிடித்து, கைகாட்டிப் பலகைக்குக் கிட்டப்போய் ஊர்ப்பெயரை வாசித்தான். அந்தப் பலகைகளை அவன் அதுவரை ஒருநாளும் வாசித்ததில்லை. தூரத்தில் ஒரு நெருப்பு வெளிச்சம் தெரிந்தது. ஊராக இருக்கும் என்று நினைத்துக் கிட்டப் போனான். தனியாக முகாம் போட்டிருந்த ஒருவன் துவக்கைக் காட்டி விரட்டிவிட்டான். மெப் இருந்திருந்தால் அந்த ஆள் ஒரு புள்ளி, அதோடு சரி. பிறகு எங்கேயோ ரயில் கூவியது. உடனே குதிரையை நிறுத்தி எந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வருகிறது என்று காது கொடுத்துக் கேட்டான், அந்தப் பக்கம் போனான், தண்டவாளம் கிடைத்தது. நான் வாயே திறக்கவில்லை.

விடியற்புறமாகக் கேமில் வெளிச்சம் வந்ததும் அவன் சொன்னதுதான் எனக்குப் பெரிய விஷயம்: "மாமா, மண் சிவக்குது. கிட்ட வந்திட்டம்."

ரோட்ஸ் சுற்றுப்புறம் முழுக்கச் செம்மண். வலன்டைன் பக்கம் பச்சைப் புல்வெளி. இன்னும் கிழக்கே செயின்ட் டெனிஸ் என்ற ஊர்ப் பக்கம் போனால் சதுப்பு, பாசி, முதலை. மெப் இல்லாமலே மண்ணைப் பார்த்து இடம் சொல்லலாம். கல்லடி மணலிலிருந்து வாவியைத் தாண்டிப் படுவான்கரைக் களிக்குள் இறங்கினால் டயரே சொல்லிவிடும், கரை மாறிவிட்டது என்று. கேம் செய்தவர்கள் அந்த அளவுக்கு யோசித்துச் செய்திருக்கிறார்கள், அதை ஒரு பிள்ளை தானாகவே கண்டுபிடித்தான். இதைப் பந்தா என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

"உனக்கு நேரம் இருக்கிறது, எங்களுக்கு இல்லை" என்று சிலர் எழுதுவார்கள். எனக்கும் நேரம் இல்லை. பயணம் நீளும், உண்மை. ஆனால் அந்தப் பயணமே விளையாட்டாகிவிடும். "அப்படியானால் மெப்போடு விளையாடுகிற நாங்கள் மட்டமா" என்றும் கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. கண்பார்வை குறைந்தவர்களுக்கும் காது கேட்காதவர்களுக்கும் அந்தக் குறிகள் அவசியம், அவற்றை யாரும் எடுக்கச் சொல்லக்கூடாது. ஆங்கிலம் வேகமாகப் பேசினால் பிடிபடாதவர்களுக்கும் அப்படித்தான். நான் இங்கே சொல்கிற ஒரு கேமிலும் தமிழ் வசனவரி கிடையாது. அதனால் எதை அணைத்தாலும் ஆங்கில வசனவரியை அணைக்காதீர்கள். வழி சொல்லும் பேச்சை எழுத்தில் பார்த்தால்தான் பிடிக்கலாம்.

இன்னொன்று. மெப் இல்லாமல் விளையாடத் தொடங்கினால் தூரத்து மலையும் புகையும் தெளிவாகத் தெரியவேண்டும், அதற்கு ஓரளவாவது நல்ல கிராபிக்ஸ் கார்ட் வேண்டும். அந்தக் கார்ட் விஷயத்தில் எனக்கு நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் கரையோரத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளவேண்டும். கொழும்பில் ஒரு கடையில் காசு சேர்த்து வாங்கினேன். வாரண்டி இருந்தது. வாரண்டி முடிய முன்னமே படம் வருவது நின்றுவிட்டது. பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் கார்டைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத் தகட்டில் திருகாணிக்குப் பக்கத்தில் மிளகளவு துரு. "துரு இருந்தா வாரண்டி இல்ல" என்று பில்லின் பின்னால் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார். கடலுக்குக் கிட்ட வீடு. எங்கள் வீட்டில் கேட், ஜன்னல் கொளுக்கி, மின்விசிறி என்று துருப்பிடிக்காத இரும்பே இல்லை. மட்டக்களப்பு முகவரி எழுதி பில் போட்டுத் தரும்போது இது தெரியாதா? தகட்டில் பிடித்த துருவுக்கும் உள்ளே போன சிப்புக்கும் என்ன சம்பந்தம்? நாட்டைச் சுற்றிக் கடல் இருக்கிற ஓர் இடத்தில் இப்படி ஒரு நிபந்தனையை வைத்து விற்பது அநியாயம். வாங்குகிறவர்கள் காசு கொடுக்க முன்னம் பில்லின் பின்பக்கத்தை வாசியுங்கள், வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அணைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: குறி இல்லாவிட்டால் இந்தக் கேம் வேறு எப்படியாவது எனக்கு வழி சொல்லுமா? கோஸ்ட் ஒஃப் சுஷிமா சொல்லும். 2020-இல் வந்தது, 2024-இல் கணினிக்கும் வந்துவிட்டது. அதில் மினிமெப்பே கிடையாது. காற்றை அழைத்தால் போகவேண்டிய திசைக்கு வீசும், புல் சாயும், இலை பறக்கும். வாடையும் கச்சானும் பார்த்து வளர்ந்த எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதை விளங்கப்படுத்தவே தேவையில்லை. தொடங்குவதற்கு இதைவிட நல்ல கேம் எனக்குத் தெரியாது. எல்டன் ரிங்கிலும் மினிமெப் இல்லை. பெரிய பொன்மரம் அனேகமாக எங்கே நின்றாலும் தெரியும், ஓய்விடங்களிலிருந்து கிளம்பும் ஒளிக்கீற்று அடுத்த திசையைக் காட்டும். அசாசின்ஸ் கிரீட் ஒடிசியில் தேடல் முறை என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தால் "இன்ன ஊருக்குத் தெற்கே, இன்ன இடத்துக்குப் பக்கத்தில்" என்று துப்பு மட்டும் தரும், மிச்சத்தை நீங்கள் தேடவேண்டும். நம்மூர் ஆட்கள் வழி சொல்வதற்கு மிகக் கிட்ட வருவது இதுதான். கிங்டம் கம்: டெலிவரன்ஸின் கடினமான முறையில் மெப்பைத் திறந்தாலும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று காட்டாது. எனக்கு அது உயிர், ஆனால் இப்போதைக்கு அதன் பக்கம் போகாதீர்கள்.

கடைசியாகக் கேட்டிருந்தீர்கள், சண்டையின்போது ஹெல்த் பார் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்று. ஏன் சமாளிக்கவேண்டும்? அதை அணைக்காதீர்கள். ஆறும் மலையும் கண்ணால் பார்த்து அறியக்கூடியவை, ஆகவே மெப் இல்லாமல் சரிவரும். காயம்பட்டவனுக்கு வலி உடம்பில் தெரியும், கன்ட்ரோலரைப் பிடித்திருக்கிற நமக்குத் தெரியாது. அதைத் திரைதான் சொல்லவேண்டும். பிரெத் ஒஃப் த வைல்ட் என்ற கேமின் புரோ முறையும் இதைத்தான் செய்கிறது, மெப் உட்பட மற்றதையெல்லாம் மறைத்துவிட்டு உயிரைக் காட்டும் இதயங்களை மட்டும் விட்டுவைக்கும்.

விட்சர் 3-ஐயும் அழித்துவிடாதீர்கள். 2022 டிசம்பரில் வந்த அப்டேட்டோடு, மினிமெப்பும் வேலைக் குறிப்பும் எந்நேரமும் திரையில் நிற்காமல், விட்சர் சென்ஸைப் (தடயங்களைக் காட்டும் நாயகனின் கூர்புலன்) பிடிக்கும்போது தெரியும்படி வைக்க ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளுங்கள். வெளிக்கிட முன்னம் பெரிய மெப்பை ஒருதரம் திறந்து, வழியில் என்ன ஆறு, என்ன பாலம், எத்தனையாவது சந்தி என்று பார்த்து மனசில் வைத்துக்கொண்டு மூடிவிடுங்கள். பிறகு ஆறும் பாலமும் சந்தியும் பார்த்தே போகலாம். தடுமாறினால் விட்சர் சென்ஸைப் பிடித்துப் பாருங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.