ஒரே திசையில் 40 மீட்டர்: தவறு உயர மாதிரியில் இல்லை

கேள்வி: குன்னூர்ச் சரிவுகளில் உள்ள தேயிலைத் தோட்டங்களை வரைபடமாக்குகிறேன். செயற்கைக்கோள் நேர்கீழாகப் பார்க்காமல் 24 டிகிரி சாய்ந்து எடுத்த, 50 சென்டிமீட்டர் தெளிவுள்ள படத்தை, எஸ்ஆர்டிஎம் என்ற உயர மாதிரியை (நிலத்தின் உயரத்தைப் புள்ளி புள்ளியாகத் தரும் கோப்பு) கொண்டு திருத்தினேன். மேட்டுப்பாளையத்திலும் சரி, குன்னூரிலும் சரி, எல்லாமே ஒரே திசையில் சுமார் 40 மீட்டர் விலகி நிற்கின்றன. மலைச்சாலை வேறு ஆங்காங்கே நெளிகிறது. விலை கொடுத்து நுட்பமான உயர மாதிரி வாங்கினால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொல்வது இரண்டு வெவ்வேறு கோளாறுகள். பெரியதற்குச் செலவே இல்லை.

உயர மாதிரி மோசமாக இருந்தால் விலகல் இடத்துக்கு இடம் மாறும். மேட்டுப்பாளையம் போன்ற அடிவாரத்துச் சமதரையில் 40 மீட்டர் வரவே வராது. எங்கும் ஒரே அளவாகத் தள்ளுகிறது என்றால், உயரத்தை எங்கிருந்து அளக்கத் தொடங்கினோம் என்பதில்தான் தவறு. எஸ்ஆர்டிஎம் தரும் உயரம், கடல்மட்டத்தை ஒட்டிய ஜியாய்டிலிருந்து அளந்தது. படப்புள்ளியைத் தரையிலுள்ள இடத்தோடு இணைக்கும் சூத்திரம் ஆர்பிசி என்ற கோப்பாகப் படத்துடன் வருகிறது. அது எதிர்பார்ப்பதோ, பூமிக்குப் பொருத்திய எலிப்சாய்டு என்ற வழவழப்பான கணித வடிவத்திலிருந்து அளந்த உயரத்தை. உலகின் சில பகுதிகளில் இவ்விரண்டுக்கும் இடையே சில மீட்டர்தான் வித்தியாசம். கவனிக்காமல் விட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஜியாய்டு 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது; உலகிலேயே ஆழமான தாழ்வு அது. அதன் சரிவில்தான் தமிழ்நாடு இருக்கிறது. எலிப்சாய்டு உயரம் காட்டும்படி அமைத்த ஜிபிஎஸ் கருவியுடன் மெரினா மணலில் நின்றால், திரையில் மைனஸ் 80 சொச்சம் தெரியும். முதன்முறை பார்க்கும் மாணவர்கள் கருவி பழுது என்றே நினைப்பார்கள்.

உங்கள் பகுதியில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய 90 மீட்டர். உயரத்தில் வரும் பிழையைச் சாய்வுக் கோணத்தின் டான் மதிப்பால் பெருக்கினால் கிடைமட்ட விலகல் கிடைக்கும். 24 டிகிரிக்கு டான் 0.445. பெருக்கிப் பாருங்கள்: 40 மீட்டர். உங்கள் கணக்கு அப்படியே வந்துவிட்டது.

ஆகவே உயர மாதிரியை முதலில் எலிப்சாய்டு உயரத்துக்கு மாற்றுங்கள். எஸ்ஆர்டிஎம்முக்கு இஜிஎம்96 என்ற ஜியாய்டு மாதிரியின் மதிப்பையும், கோப்பர்நிக்கஸ் என்ற இன்னொரு உயர மாதிரிக்கு இஜிஎம்2008 மதிப்பையும் கூட்டுங்கள். நம் ஊரில் ஜியாய்டு மதிப்பு எதிர்மறை என்பதால், கூட்டியபின் எண்கள் குறைய வேண்டும். கூடினால் குறியை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். சில மென்பொருள்கள் இதைத் தானே செய்யும், ஆனால் கோப்பில் செங்குத்து ஆதாரம் (உயரம் எங்கிருந்து அளந்தது என்ற விவரம்) குறிக்கப்பட்டிருந்தால்தான். பல கோப்புகளில் அந்தக் குறிப்பு இருப்பதில்லை.

இனி நெளியும் சாலை. எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்கள் ரேடாரால் அளந்தது. செங்குத்துச் சரிவுகளில் ரேடார் எதிரொலி சிக்கிக்கொண்டு தரவில் ஓட்டைகள் விழும். அந்த ஓட்டைகளைப் பின்னர் வேறு தரவுகளால் அடைத்தார்கள். கோப்பர்நிக்கஸ் ஜிஎல்ஓ-30 பெரும்பாலும் 2011 முதல் 2015 வரை டான்டெம்-எக்ஸ் செயற்கைக்கோள் இணை எடுத்த தரவு. எஸ்ஆர்டிஎம்முக்கு 16 மீட்டர் என்று வரையறுத்த உயரத் துல்லியம், இதற்கு 4 மீட்டர். இலவசம்தான். நான் முதலில் எடுப்பது இதையே. ஆஸ்டர் என்ற மற்றோர் உயர மாதிரி ஒளிப்படங்களிலிருந்து உருவானது. நீலகிரி மேகங்களை நினைத்தாலே எனக்குத் தயக்கம்.

ஆனாலும் கோப்பர்நிக்கஸ் காட்டுவது மேற்பரப்பை: மரத்தின் உச்சியும் அதில் அடக்கம். 20 மீட்டர் யூகலிப்டஸ் தோப்பை ஒட்டிச் சாலை போனால், அந்த உயரம் சாலைப் படப்புள்ளிகளிலும் கசியும்; உங்கள் கோணத்தில் 9 மீட்டர் வரை பக்கவாட்டில் இழுக்கும். சாலை நெளிய இது போதும். மாதிரியை லேசாக மழுக்கிவிட்டு ஓட்டினால் நெளிவு குறையும், கூர்மையான முகடுகளில் கொஞ்சம் துல்லியம் போகும். தேயிலைக்கு அது பரவாயில்லை.

கடைசியாகக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அதாவது படத்தைப் பொருத்த நீங்களே ஜிபிஎஸ்ஸால் அளக்கும் தரை இடங்கள். ஆறேழு போதும், ஆனால் அடிவாரத்தில் மட்டும் எடுக்காமல் மேலும் கீழுமாக, சாலைச் சந்திப்புகளில் எடுங்கள். கூரை முனை வேண்டாம். அவற்றின் ஜிபிஎஸ் உயரம் எலிப்சாய்டா, கடல்மட்டமா என்று குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் அதே 90 மீட்டர் பின்வாசல் வழியாக மறுபடியும் நுழைந்துவிடும். ஜியாய்டைத் திருத்தாமல் புள்ளிகளை வைத்தே 40 மீட்டரை இழுத்துச் சரிசெய்யவும் முடியும். எதிர்ப்பக்கம் சாய்ந்த அடுத்த படம் வரும்போது குட்டு வெளிப்படும்.

கையில் பணம் இருந்தால் அதை உயர மாதிரியில் போடாமல், 10 டிகிரிக்குள் சாய்ந்த படத்தைக் கேட்டு வாங்குங்கள். 10 மீட்டர் உயரப் பிழை அங்கே 1.8 மீட்டர் விலகலோடு நின்றுவிடும்.