பத்து பேர்ச்சுல கார்னேஷன் போடலாமா? மஸ்கெலியா தங்கச்சிக்கு ஒரு பதில்

மஸ்கெலியா பக்கம் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. லயத்துக்குப் பின்னால பத்து பேர்ச் காணி இருக்கு, அம்மா கொழுந்து எடுக்குறாங்க, கொழும்புல பூக்கடையில நிக்கிற மாமா மகன் "கார்னேஷன் போடு, எவ்வளவு குடுத்தாலும் எடுக்க ஆளிருக்கு"னு சொல்றாராம். லோன் எடுத்து பொலித்தீன் கூடாரம் போட்டா பத்து வருசம் நின்னு பிடிக்குமா, மருந்து அடிக்காம செய்யலாமானு கேக்குறாங்க.

பூ போடுங்க தங்கச்சி. கார்னேஷன் வேணாம். கூடாரத்துக்கு லோன் எடுக்கவே எடுக்காதீங்க.

நான் பண்டாரவளை பக்கம், அதே கார்னேஷன்லதான் கைய சுட்டுக்கிட்டவ. 2020 மார்ச்சுல ஊரடங்கு போட்டப்ப கல்யாணம் எல்லாம் நின்னு போச்சு, லொறி வரல, வெட்டி கட்டி வச்ச பூவ அப்படியே கொம்போஸ்ட் குழியில கொட்டிட்டு வந்து படுத்தேன். அதுகூட பரவால்ல, அதுக்கு முன்னாடியே வேற ஒண்ணு என்னைய தின்னுக்கிட்டு இருந்துச்சு. நாத்து. நல்ல கார்னேஷன் ரகம் எல்லாம் வெளிநாட்டு கம்பனிக உருவாக்குனது, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா புது நாத்துக்கு காசு கட்டணும், டொலர் ஏறுனா அதுவும் ஏறும். மூணு நாலு வருசத்துல கூடாரத்து பொலித்தீன் நைஞ்சு போகும், அதுக்கும் காசு. பூ வித்த காசு இப்படி நாத்துக்காரனுக்கும் பொலித்தீன்காரனுக்கும் போனா உங்களுக்கு என்ன மிஞ்சும்? அதனால ஒரு பூவ பாத்தா நான் இப்ப மொதல்ல கேக்குறது இதோட நாத்து என் வீட்டுலயே முளைக்குமாங்குறதுதான், வெல எல்லாம் அப்புறம்.

இன்னொண்ணு உங்க பக்கத்து மழை. எங்க ஊவா பக்கம் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் காத்துதான் அடிக்கும், மழை கம்மி, உங்களுக்கு மே மாசம் தொடங்குனா செப்டம்பர் வரைக்கும் கொட்டோ கொட்டுனு கொட்டும். அந்த ஈரத்துல கூடாரத்த மூடி வச்சா பூ மேல சாம்பல் பூஞ்சணம் புடிக்கும். மண்ணுல பியூசேரியம்னு ஒரு பூஞ்சணத்தால வர்ற வாடல் நோய் வேற இருக்கு. செடி ஒரு பக்கமா மஞ்சளிச்சு வாடும், தண்ட குறுக்க வெட்டி பாத்தா உள்ள பழுப்பு கோடு ஓடியிருக்கும். அது வந்த மண்ணுல பல வருசத்துக்கு கார்னேஷன் எடுக்க ஏலாது. பத்து பேர்ச்னா சுமார் 250 சதுர மீட்டர், வேற எடத்துக்கு மாத்தி நடவும் உங்களுக்கு எடமில்ல.

சரி, எத போடுறது? தொரை பங்களா வாசல்ல உருண்டை உருண்டையா நீலமா பூத்து நிக்குமே, ஹைட்ரேஞ்சியா, அதத்தான் நான் சொல்லுவேன். தேயில நின்ன மண்ணு புளிப்பு மண்ணு, கார்னேஷனுக்கு டொலமைட்ங்குற சுண்ணாம்புக் கல்லு தூள் போட்டு அந்த புளிப்ப குறைக்கணும், ஹைட்ரேஞ்சியாவுக்கு அந்த புளிப்புதான் நீலம், ஏன்னா புளிப்பு மண்ணுலதான் அலுமினியம் கரைஞ்சு வேருக்கு போகும். ஒரு பாத்திக்கு மட்டும் டொலமைட் போட்டு வந்தீங்கனா அதே செடி மெல்ல மெல்ல ரோஸ் கலருக்கு மாறும், ஒரே நாத்துல ரெண்டு கலர். பூக்காத கிளையில ஒரு சாண் வெட்டி, இலைய பாதியா நறுக்கிட்டு, மணலும் தும்புத்தூளும் கலந்து நிழல்ல நட்டா ஒரு மாசம் போல வேர் விடும். தும்புத்தூள்ல உப்பு இருக்கும், ரெண்டு மூணு தடவ அலசிட்டு போடுங்க.

தேயிலைக்கு கவ்வாத்து பண்ற மாதிரி இதையும் மொத்தமா ஒட்ட வெட்டிடாதீங்க, இந்த தப்ப நான் செஞ்சேன். முத்துன கிளையோட நுனியிலதான் அடுத்த மொட்டு உக்காந்திருக்கும், எல்லாத்தையும் வெட்டுனா அடுத்த பூ போச்சு. பிஞ்சு பூவையும் வெட்டாதீங்க, தொட்டா இதழ் கொஞ்சம் தடிப்பா தோல் மாதிரி இருக்கணும், இல்லாட்டி தண்ணியில வச்ச ஒடனே தல தொங்கிரும். தொங்குனா பயப்படாதீங்க, தண்டு நுனிய திரும்ப வெட்டி அர நிமிசம் கொதி தண்ணியில புடிச்சுட்டு, பூ மொத்தத்தையும் ஒரு வாளி பச்சத்தண்ணியில முக்கி வைங்க, இந்த பூ இதழாலயும் தண்ணி குடிக்கும், காலையில பாத்தா நிமிந்து நிக்கும்.

ஹைட்ரேஞ்சியா கைக்கு காசு தர ரெண்டாவது வருசம் ஆகும். அது வரைக்கும் செவ்வந்தி. செவ்வந்திக்கு ராத்திரி நீளமா இருந்தா மொட்டு வைக்கும், நம்ம நாட்டுல வருசம் பூரா பகலும் ராத்திரியும் ஏறக்குறைய சமம், அதனால செடி வளர முன்னமே மொட்டு வச்சு தண்டு குட்டையா நின்னுரும். கொழும்பு கடைக்கு நீள தண்டு வேணும்னா நடு ராத்திரியில லைட் போட்டு ஏமாத்தணும், கரண்ட் பில்லு யாரு கட்டுறது. கோவில் மாலைக்கு தண்டு எதுக்கு? உங்க பக்கத்து தோட்டத்து மாரியம்மன் திருவிழா, நவராத்திரி, தைப்பூசம், இதுக்கெல்லாம் பூ எங்க இருந்து வருதுனு போய் ஐயர்கிட்டயும் மால கட்டுறவங்ககிட்டயும் கேளுங்க. சர்ச்சுக்கு நத்தாரும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளும் இருக்கு. தேதி தெரிஞ்சா பின்னால எண்ணி நடலாம். மாமா மகன் கடைக்கு ஹைட்ரேஞ்சியா மட்டும் போகட்டும், அதுவும் கைக்காசுக்கு.

மருந்து விசயம். பூவ யாரும் திங்க மாட்டாங்கனு மரக்கறிய விட கூடுதலா அடிக்கிறவங்கள பாத்திருக்கேன், ஆனா அத கட்டுறது உங்க கை, கழுவுறது பீலி தண்ணி, மஸ்கெலி ஓயா போய் சேர்றது களனி கங்கையில, கொழும்பு குடிக்கிற தண்ணி அதுதான். ஒரு மருந்துமே வேணாம்னு நான் சொல்ல மாட்டேன், சொன்னா பொய். எட்டி எட்டி நட்டு, அழுகுன பூவ அன்னன்னைக்கு பொறுக்கி எடுத்தாலே உங்க மழைக்கு பாதி வேல முடிஞ்சுது. உரத்துக்கு மாட்டு எருவும் கொம்போஸ்டும் கையில வச்சுக்குங்க, 2021ல ரசாயன உரத்த தடை பண்ணப்ப மூட்டைய மட்டும் நம்புனவங்க பட்ட பாடு உங்களுக்கே தெரியும்.

அந்த பத்து பேர்ச் யார் பேருல இருக்குனு நீங்க எழுதல. உறுதிப் பத்திரம் இல்லாத காணினா இரும்பு தூண் ஒண்ணு கூட நடாதீங்க, ஹைட்ரேஞ்சியாவ உர பேக்குல வளருங்க, நாளைக்கு எழும்ப சொன்னா தூக்கிட்டு போகலாம். சரிவா இருந்தா பாத்திய குறுக்கால போட்டு, மேல இருக்குற பழைய கானை மொதல்ல தோண்டி விடுங்க, வேற செலவு எல்லாம் அதுக்கு அப்புறம்.

பூவ பஸ்ல அனுப்பினா வாழப்பழ பொட்டிக்கு பக்கத்துல வைக்க விடாதீங்க, பழுக்குற பழத்துல இருந்து வர்ற எத்திலீன் காத்து பூவ சீக்கிரம் கெழவியாக்கிரும். என் கார்னேஷன் பத்து கட்டு அப்படித்தான் கண்ண மூடுன மாதிரி சுருங்கி போய் எறங்குச்சு, கடைக்காரர் காசும் தரல. காணி விசயத்த பாத்துட்டு எழுதுங்க, மழை தொடங்க முன்ன தண்டு வெட்டி நட்டா வேருக்கு நல்லது.