உடைந்த வேகன்கள் அல்ல

கேள்வி: வேல்ஸ் நாட்டுச் சிலேட்டுக் குவாரி வேகன்களைப் பழைய படம் ஒன்றில் பார்த்தேன். ஒன்றின் பக்கங்களில் வெறும் கம்பிகள்தான். இன்னொன்றில் ஒரு பக்கச் சுவரே இல்லை. உடைந்து போனவையா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இல்லை, அம்மா. இரண்டும் முழுமையானவை. அந்த வேகன்களைச் செய்த கொல்லர்களையும் தச்சர்களையும் நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

கம்பி வேகன், கூரை வேயும் சிலேட்டு ஓடுகளுக்கானது. ஓட்டைப் படுக்க வைத்து அடுக்கினால் குலுக்கலில் உடைந்துவிடும். நிறுத்தி, நெருக்கி அடுக்கினால் தாங்கும். அப்படி அடுக்கியது சரியாமல் இருக்கக் கம்பிகளே போதும். தகரச் சுவர் வைத்தால் வீண் பாரம். அந்தப் பாரத்தைக் குதிரைதான் மலைமேல் இழுத்தாக வேண்டும். உதாரணத்துக்கு, 1836இல் திறந்த வேல்ஸின் ஃபெஸ்டினியோக் ரயில் பாதை, மலையிலிருந்து போர்த்மடோக் துறைமுகம் வரை ஒரே சரிவாக இறங்கும்படி போடப்பட்டது. தண்டவாள இடைவெளி 60 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. சுமையேற்றிய வேகன்கள் தம் எடையாலேயே உருண்டு இறங்கின. பிரேக் போட ஆட்கள் மேலே உட்கார்ந்து வந்தார்கள். குதிரைகளும் தனி வேகனில் ஏறிக் கூடவே கீழே வந்து, காலி வேகன்களை மேலே இழுத்துச் சென்றன. 1863இல் நீராவி எஞ்சின் வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஆனால் சிலேட்டு 1939 வரை எஞ்சின் இல்லாமலேயே கீழே இறங்கியது!

ஒரு பக்கம் திறந்தது கழிவுக் கல்லுக்கு. வெட்டியெடுத்த பாறையில் ஓடாக மாறுவது சிறு பங்குதான். மீதியைக் கழிவு மேட்டின் ஓரம்வரை தள்ளிச் சென்று, திறந்த பக்கமாகச் சாய்த்துக் கொட்டினார்கள்.

அடுத்து, சக்கரங்களைப் பாருங்கள். சாதாரண ரயில் சக்கரத்துக்கு, தண்டவாளத்தை விட்டு விலகாமல் தடுக்கும் விளிம்பு உள்பக்கம் மட்டுமே. வேல்ஸின் இன்னொரு குவாரியான டினோர்விக்கில் இரு பக்கமும் விளிம்பு வைத்து, சக்கரம் அச்சின்மேல் அசைந்து நகரவும் விட்டார்கள். வெடிவைத்து வெட்ட வெட்டத் தண்டவாளத்தைப் பிரித்து வேறிடத்தில் போட வேண்டியிருந்ததால், இடைவெளி எங்கும் ஒரே சீராக அமையாது. சக்கரமே அதற்கேற்ப நகர்ந்துகொண்டது. ஆனால் அந்தக் குவாரியிலிருந்து அதன் துறைமுகத்துக்குப் போன பாடார்ன் ரயில் பாதையின் தண்டவாள இடைவெளி நான்கடி. அதனால் குவாரியின் சிறு வேகன்கள் நான்கை ஒரு பெரிய வேகனின் முதுகில் ஏற்றி அனுப்பினார்கள். உங்கள் படத்தில் அந்த இரட்டை விளிம்பு தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து எழுதுங்கள்.