பாயின்ட் ஷூவைப் பரண்மேல் வையுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. மன்னார்குடியில் ஐந்து வருடமாகப் பரதம் கற்கிறாள். யூடியூபில் பாலே பார்த்துவிட்டு, இனி இதுதான் என்கிறாள். பாலேயில் விரல்நுனியில் நிற்பதற்காகப் போடும் பாயின்ட் ஷூவை அவள் மாமா ஆன்லைனில் வாங்கி அனுப்பிவிட்டார். வீட்டிலேயே பழகலாமா? இதைத் தொழிலாக நம்பலாமா?

பதில்: அந்த ஷூவை இன்றே பரண்மேல் ஏற்றிவிடுங்கள் அம்மா. நடனப் பிள்ளைகளின் கால்களுக்குப் பிசியோதெரபி செய்பவள் நான். முதலில் இதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

ஷூவின் முனையை விரலால் தட்டிப் பாருங்கள், மரப்பலகை மாதிரிச் சத்தம் வரும். உள்ளே மரம் கிடையாது. துணியையும் காகிதத்தையும் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டி இறுகவைத்த கூடு அது. அடியில் விறைப்பான பட்டை ஒன்று ஓடும். ஷூ தூக்கி நிறுத்திவிடும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். நிறுத்துவது கணுக்காலும் பாதத்துச் சிறு தசைகளும் இடுப்பும்தான். அவற்றில் வலு இல்லாமல் ஏறினால் கணுக்கால் பிசகும். இந்த வயதில் பாத எலும்புகளின் வளர்ச்சியும் முடிந்திருக்காது. பாலே பள்ளிகளிலேயே சில வருடம் மெல்லிய ஷூவில் பழக்கி, ஆசிரியர் காலைச் சோதித்த பிறகுதான் இதைத் தருவார்கள். அதுவும் முதலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சில நிமிடம் மட்டும். அளவும் நேரில் காலை நுழைத்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ஐந்து வருடப் பரதம் வீண்போகாது. முட்டிகளை வெளிப்பக்கம் மடக்கித் தாழும் அரைமண்டியானாலும், அதைப் போன்ற பாலேயின் பிளியே ஆனாலும், தொடை இடுப்பு மூட்டிலிருந்து வெளியே திரும்ப வேண்டும். மகளை அரைமண்டியில் உட்காரச் சொல்லி எதிரே நின்று பாருங்கள். முட்டி, பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேர்மேலே வருகிறதா, உள்ளே சரிகிறதா? சரிந்தால் பாதத்தை மட்டும் திருப்பிவைத்துச் சமாளிக்கிறாள், பளு முட்டியில் இறங்குகிறது. அவளுடைய டீச்சரிடம் சொல்லித் திருத்துங்கள். மொட்டைமாடி சிமெண்டுத் தரையில் பாதத்தைத் தட்டி ஆடும் தட்டடவு போடுவதையும் குறைக்கலாம். பாலே ஆடுவது அடியில் மரச்சட்டம் கொடுத்த, லேசாக நெகிழும் தரையில்.

தொழில் என்றால் வயதுக் கணக்கைப் பார்க்காமல் முடியாது. ஐரோப்பியப் பள்ளிகளில் பத்துப் பதினோரு வயதிலேயே சேர்க்கிறார்கள். 18 வயதை ஒட்டிப் பாலே குழுவில் இடம், முதலில் கூட்டத்தில் ஒருத்தியாக. காலையில் பயிற்சி வகுப்பு, பகலெல்லாம் ஒத்திகை, இரவில் மேடை. பெரும்பாலோர் நாற்பதுக்குள் நிறுத்திவிடுவார்கள். பாரிஸ் ஓபராவின் பாலே குழுவில் ஓய்வு வயதே 42. தாமதமாகத் தொடங்கி ஜெயித்தவர்கள் உண்டு. டெல்லியின் கமல் சிங் 17 வயதில் தொடங்கி, 2020-ல் லண்டனில் இங்கிலீஷ் நேஷனல் பாலே பள்ளிக்குப் போனார். ஆனால் பக்கத்திலேயே தேர்ந்த ஆசிரியர் இருந்தார். ஆண்களுக்குப் பாயின்ட் ஷூ கட்டாயமும் இல்லை. உங்கள் மகளுக்கு வழி குறுகலானது என்பதை மறைக்க மாட்டேன்.

பரதத்தின் கணக்கு வேறு. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி, ரஷ்யப் பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர். உங்கள் நாட்டு நடனத்தைத் தேடிப் பாருங்கள் என்று பாவ்லோவா சொன்னார். பிறகு நம் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்று, 1935-ல் மேடை ஏறும்போது ருக்மிணி தேவிக்கு வயது 31. அந்த வயதில் பாலேக்காரர்கள் ஓய்வை யோசிக்கத் தொடங்கியிருப்பார்கள்.

அதற்காக மகளின் ஆசையை அடக்காதீர்கள். கோடை விடுமுறையில் சென்னையில் ஒரு மாதம் பாலே வகுப்பில் சேர்த்துவிடுங்கள். பரதத்தை நிறுத்த வேண்டாம். ஒல்லியாக வேண்டும் என்று அவள் சோற்றைக் குறைத்தால் மட்டும் உடனே கண்டியுங்கள். வளரும் எலும்புக்கு அந்தச் சோறு வேண்டும்.

இதற்கிடையில் வீட்டில் பழக ஒன்று: வெறுங்காலில், சுவரை விரல்நுனியால் தொட்டபடி, ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்கட்டும். கணுக்கால் பக்கவாட்டில் ஆடாமல், முட்டி மடங்காமல், ஒவ்வொரு காலிலும் இருபது முறை வர வேண்டும். எட்டாவது தடவையிலேயே ஆடத் தொடங்கினால் அன்றைக்கு எட்டோடு நிறுத்திவிடுங்கள்.