தேசிமரத்துக் கூட்டுப்புழுவை பிரிட்ஜில் வைக்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் மாடிவீட்டில் இருக்கிறோம். மகள் பல்கனித் தேசிச்செடியில் இருந்த புழுக்களை எடுத்து வளர்த்தாள். நான்கு கூடு கட்டின. ஒன்று கறுத்துச் செத்துவிட்டது. பாடசாலைக் கண்காட்சிக்கு இன்னும் 3 கிழமை இருக்கிறது, அதற்குள் மற்றதெல்லாம் பறந்துவிடும் என்று அழுகிறாள். ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி, தான் குளிர்காலம் முழுக்கக் கூடுகளை பிரிட்ஜில் வைப்பதாகவும், வசந்தத்தில் நல்லபடியாக வெளிவருவதாகவும் சொல்கிறான். நாங்களும் அப்படி வைக்கலாமா? குளிரில் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்து மிச்சமும் செத்துப்போகுமா?

வைக்காதீர்கள். தம்பி சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர் வைத்திருக்கும் பூச்சியும் உங்கள் மகள் வைத்திருக்கும் பூச்சியும் ஒரே மாதிரி வாழ்பவை அல்ல.

ரொறன்ரோப் பக்கத்தில் வீட்டில் வளர்க்கப்படும் பூச்சிகளில் பேர்போனது செக்ரோப்பியா என்ற பெரிய பட்டு அந்துப்பூச்சி; தம்பியிடம் இருப்பதும் அதுவாக இருக்கலாம். ஆண்டுக்கு ஒரே தலைமுறைதான். புழு கூட்டுக்குள் போய்க் கூட்டுப்புழுவானதும் வளர்ச்சி அப்படியே நின்றுவிடும்; இதைத்தான் உறக்கநிலை என்கிறோம். வளர்ச்சியைத் தூண்டும் ஓமோனை மூளை வெளியே விடாது. பல கிழமை குளிர்பட்ட பிறகுதான் அந்த மூளை மறுபடி வேலைக்கு வரும். இதை 1940களில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் கரோல் வில்லியம்ஸ் காட்டினார். ஆகவே தம்பியின் பூச்சிக்கு பிரிட்ஜ் ஆபத்தில்லை. சொல்லப்போனால் அந்தக் குளிர் அதற்கு வேண்டியே இருக்கிறது.

இனி நோய் எதிர்ப்பு. பூச்சிகளுக்கு நம்மைப்போலப் பிறபொருளெதிரிகள் (ஒவ்வொரு கிருமிக்கும் ஏற்றபடி உடல் செய்யும் புரதங்கள்) கிடையாது. வேறு ஆயுதங்கள் உண்டு. கிருமியை விழுங்குகிற, பெரிதாக இருந்தால் கூட்டமாகச் சுற்றி மூடுகிற குருதிக்கலங்கள் உண்டு. காயத்தையும் வேற்றுப்பொருளையும் கறுப்பு நிறப்பொருளால் மூடிக் கொல்லும் நொதியங்கள் உண்டு. தேவைப்படும்போது கொழுப்பிழையம் தயாரித்து உடலெங்கும் அனுப்பும் கிருமிகொல்லிப் புரதங்களும் உண்டு.

தூங்குகிற பூச்சியில் இதெல்லாம் படுத்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. சுவீடனின் ஸ்டொக்ஹோமில் ஹான்ஸ் போமனின் குழு, உறக்கநிலையில் இருந்த செக்ரோப்பியாக் கூட்டுப்புழுக்களுக்குள் பற்றீரியாவை ஊசியால் ஏற்றியது. இந்த நிலையில் உடல் புதுப் புரதம் எதையும் அநேகமாகச் செய்வதில்லை. அதனால் புதிதாக ஏதாவது வந்தால் அது நோய் எதிர்ப்புக்காகத்தான் என்று தெளிவாகத் தெரியும். அதற்காகவே இந்தப் பருவத்தைத் தேர்ந்தார்கள். கூட்டுப்புழு உறக்கத்தைக் கலைக்காமலே வரிசையாகக் கிருமிகொல்லிப் புரதங்களைச் செய்யத் தொடங்கியது. அவற்றில் ஒரு வகைக்குப் பூச்சியின் பெயரையே ஒட்டி செக்ரோப்பின் என்று பெயரிட்டு 1981இல் வெளியிட்டார்கள். பூச்சிகளின் கிருமிகொல்லிப் புரதங்கள் பற்றிய ஆராய்ச்சி பெருகியது அதிலிருந்துதான். தூங்குகிற கூட்டுப்புழுவிடமிருந்து இப்படி ஒரு கண்டுபிடிப்பு வந்தது எனக்கு இன்றைக்கும் ரசிக்கத்தக்க விஷயம்.

அதாவது உண்மையான உறக்கநிலை எதிர்ப்புச் சக்தியை அணைத்துவிடுவதில்லை. அன்றாடச் செலவை நிறுத்தி, அவசரத்துக்கு மட்டும் எடுக்கும்படி ஆயத்தமாக வைத்துக்கொள்கிறது. ஏனென்றால் கிருமியோடு சண்டை போடுவதும் செலவுதான். மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும் உடலுக்குச் சேமித்த கொழுப்பு மட்டுமே கையிருப்பு. அதைச் சும்மா எரித்தால் வசந்தத்தில் சிறகு விரிக்க ஒன்றும் மிஞ்சாது.

ஐரோப்பாவில் குளிர்காலத் தேனீக்களிடம் இதன் இன்னொரு வடிவத்தைப் பார்க்கலாம். கோடையில் பிறந்த வேலைக்காரத் தேனீ சுமார் 6 கிழமை வாழும். குளிர்காலத்துக்கென்று வளர்ந்தது 6 மாதம் வரை தாங்கும். வெளியே பறந்து தேன் சேர்க்கத் தொடங்கிய கோடைத் தேனீயில் இளமை ஓமோன் கூடி, குருதிக்கலங்களில் பெரும்பகுதி மடிந்துவிடுகிறது. குளிர்காலத் தேனீயில் அந்த ஓமோன் குறைவு. வைட்டெலோஜெனின் என்ற சேமிப்புப் புரதம் நிறைய. அது குருதிக்கலங்களையும் காப்பாற்றுகிறது. இங்கே குளிர்கால உடல், கோடை உடலைவிடக் கொஞ்சம் கெட்டி என்றே சொல்லலாம்.

ஆனால் எல்லாப் பூச்சிக்கும் இதே கதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கனடாவில் லோரா ஃபெர்குசனும் பிரெண்ட் சின்கிளேயரும் குளிர்காலத்தைப் புழுவாகக் கழிக்கும் மூன்று வகைப் பூச்சிகளை இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரை பரிசோதித்து 2017இல் எழுதினார்கள். மூன்றுக்கும் பொருந்தும் ஒரே போக்கு கிடைக்கவில்லை. குளிர் கிருமியையும் மந்தமாக்கும், பூச்சியின் கலங்களையும் மந்தமாக்கும். யார் கூடுதலாக மந்தமாகிறார் என்பதுதான் கணக்கு. குளிரைத் தாங்கி வளரும் சில பங்கசுகளுக்கு அந்தக் கணக்கு சாதகமாக அமைவதும் உண்டு.

சரி, வெள்ளவத்தைக்கு வருவோம். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 7 பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை. குளிர்காலம் வருகிறது என்று பூச்சிக்குச் சொல்ல இங்கே எதுவுமில்லை, சொல்லத் தேவையும் இல்லை. மிதவெப்ப நாடுகளின் புலிநுளம்பு (டெங்குவைப் பரப்பக்கூடிய, வெள்ளைக் கோடு போட்ட நுளம்பு) இலையுதிர் காலத்தில் உறங்கும் முட்டைகளை இடும். நம் ஊர்ப் புலிநுளம்பு அப்படிச் செய்வதில்லை. அதற்காக உங்கள் பல்கனிப் பூச்சாடித் தட்டைக் கழுவாமல் விடாதீர்கள். டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் காத்திருக்கும். அது வறட்சிக்குப் பழகிய பொறுமை, குளிருக்கு அல்ல.

உங்கள் தேசி வண்ணத்துப்பூச்சிக் கூட்டுப்புழுவுக்குள் இப்போது எதுவும் நின்றுபோகவில்லை. புழுவின் தசைகள் கரைந்து சிறகும் கண்ணும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அதை 4 பாகை செல்சியஸில் வைத்தால், குளிருக்கு ஆயத்தமாகாத கலச்சவ்வுகள் இறுகி உள்ளே உப்புச் சமநிலை குலைந்துவிடும். செக்ரோப்பியாவைப்போல எதிர்ப்புச் சக்தியை ஆயத்தநிலையில் வைக்கும் ஏற்பாடும் அதற்கு இல்லை. எல்லாமே சேர்ந்து முடங்கும். பிறகு வெளியே எடுத்தால் நம் ஈரக்காற்று குளிர்ந்த கூட்டின் மேல் நீராகப் படியும். பங்கசுக்கு இதைவிட என்ன வேண்டும்? உயிர் தப்பினாலும் சிறகு சுருண்டு வெளிவரக்கூடும். கண்காட்சியில் வைக்க அது நல்ல காட்சியில்லை.

செத்துப்போனதைப் பற்றியும் பார்த்துவிடுவோம். மென்மையாகிக் கறுத்து, நாற்றமெடுத்து நீர் வடிந்திருந்தால் பற்றீரியாவோ வைரசோ காரணம். மேலே சின்ன வட்டத் துளை தெரிந்தால் ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளர்ந்து வெளியே போயிருக்கிறது. கூட்டுப்புழுவின் தோல் இன்னும் இறுகாத முதல் நாளில் சில குளவிகள் வந்து முட்டையிடும்; கூடவே செலுத்தும் நஞ்சால் குருதிக்கலங்கள் அந்த முட்டையைச் சுற்றி மூடமுடியாமல் செய்துவிடும். மூன்றாவதாக, கறுத்த தோலுக்குள்ளே சிறகின் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் அது சாகவேயில்லை. ஒரு நாளில் வெளிவரப் போகிறது. இதை எறிந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர், ஆகவே குப்பையில் போடுமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

இருக்கும் மூன்றையும் அவற்றின் பாட்டில் பறக்க விடுங்கள். மகளை வெற்றுக் கூடுகளையும் படங்களையும் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். கண்காட்சிக்கு இப்போதே புதிதாகத் தொடங்கலாம். முட்டை பொரிய 3, 4 நாள், புழுப்பருவம் 2 கிழமையை ஒட்டி, கூட்டுப்புழுப் பருவம் இன்னும் ஒன்றரை, இரண்டு கிழமை. இன்று பறவை எச்சம்போலத் தெரியும் நடுத்தர அளவுப் புழுக்களை எடுத்தால் கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும். நாள் முன்பின்னாகலாம் என்பதால் சின்னதும் பெரியதுமாக ஆறேழு எடுங்கள்.

ஒரு பெட்டிக்குள் நெருக்கிப் போடாதீர்கள். மூடிக்குப் பதிலாக வலைத் துணி கட்டுங்கள், குளவியும் வராது, காற்றும் போகும். எச்சத்தைத் தினமும் தட்டி, அடியில் விரித்த கடதாசியை மாற்றுங்கள். தேசி இலைக்குப் பதிலாகச் சந்தையில் வாங்கிய கறிவேப்பிலையைக் கொடுக்க வேண்டாம், அதில் மருந்து அடித்திருக்கலாம். உங்கள் செடி இலையையே கொடுங்கள். நோயில் செத்த ஒன்றைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கைகழுவிய பிறகே மற்றதைத் தொட வேண்டும். பிரிட்ஜை இலைக்குப் பயன்படுத்தலாம்: ஈரத் துணியில் சுற்றி வைத்து, ஈரம் துடைத்து, குளிர் போன பிறகு கொடுங்கள்.

அப்புறம், தம்பி ஆர்வத்தில் அங்கிருந்து கூடுகளைப் பார்சலில் அனுப்பப் போகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உயிருள்ள அந்நியப் பூச்சியை அனுமதியில்லாமல் நாட்டுக்குள் கொண்டுவருவது சட்டப்படி குற்றம்.